யோகா மண்டபத்தில் கண்டதைச் சொல்லப் போகிறேன்

என் பாசத்துக்குரிய மாலதி அக்கா,

யோகா ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து பென்டில் ஹில்லில் பெண்களுக்கு வகுப்புத் தொடங்குவோம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? வரும் சனிக்கிழமை தனியாகத் தொடங்குகிறேன்.

அன்று நாங்கள் பயிலும் செவன் ஹில்ஸ் மண்டபத்தில் உங்களோடு பதினாறு பேர் இருந்தோம். உங்கள் கணவன் சப்பாத்துக் காலோடு பாய்களை மிதித்துக்கொண்டு வந்தான். அவனை இனி அவர் என்று எழுத எனக்கு மனமில்லை. "பிள்ளையளை விட்டுட்டு இஞ்ச உடம்பு காட்ட வந்தனியோ?" என்று உங்கள் பின்னலைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினான். உங்கள் இரத்தம் என் பாயில் தெறித்தது. நான் கால்களை மடித்தபடியே இருந்தேன்.

எங்கள் பயிற்சியாளர் சாந்தி, மலேசியாக்காரி, ஓடிவந்து நடுவில் நின்று போனை எடுத்தார். நீங்கள் தடுத்தீர்கள். "பொலிசைக் கூப்பிடாதேங்கோ. வீட்டில கதைச்சால் சரியாகிடும். போயிட்டு வாறன்." வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு அவன் பின்னால் போனீர்கள். ஏன் விட்டோம் அக்கா?

நான்கு நாள் நீங்கள் போன் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. குசினித் தரையில், சவாசனத்தில் கிடப்பதுபோல, உள்ளங்கைகள் மேலே பார்க்க மல்லாந்து கிடந்தீர்கள். கழுத்தெல்லாம் விரல் அடையாளம். உடம்பு இன்னும் சூடாக இருந்தது, மூச்சு இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். பக்கத்து வீட்டார் அழைத்த பொலிஸ் வந்து என்னை இழுத்தெடுக்கும்வரை உலுக்கிக்கொண்டே இருந்தேன். அன்று மாலையே அவனைப் பிடித்துவிட்டார்கள்.

பிள்ளைகள் மெல்பேர்னில் உங்கள் தங்கையோடு இருக்கிறார்கள். சின்னவள் நீந்தப் பழகுகிறாள். பெரியவன் கதவு அடிபட்டாலே மேசைக்குக் கீழே போய்விடுகிறானாம்.

பயிற்சிக்குத் திரும்பிய கிழமை, ஆசனத்தில் குனிபவரின் முதுகை அழுத்தி உதவும் பாடம். சென்னையிலிருந்து படிக்க வந்த கார்த்திக் எனக்கு முன்னால் குனிந்து இருந்தான். தடித்த பிடரி, உங்கள் கணவனுடையதைப் போல. என் முழுப் பாரத்தையும் அதில் போட்டேன்.

"வலிக்குதுங்க, விடுங்க," என்றான்.

கேட்டது. விடவில்லை. ஏதாவது முறிய வேண்டும்போல் இருந்தது. சாந்தி என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்து விழுத்தினார்.

"யாரை அழுத்தினீங்க?"

"அவனை. கொல்லலாம் போல கிடக்கு."

"இந்தக் கையால இனி யாரையும் தொடாதீங்க. வாயால சொல்லிக் கொடுங்க. அப்படி முடியும்னா இருங்க."

இருந்தேன். ஒரு கிழமையாகக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றான் கார்த்திக். மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினான், ஆனால் என்னோடு சேர்ந்து பயில அவன் பிறகு வரவில்லை. தேர்வு வகுப்பையும் யாரையும் தொடாமலே நடத்தினேன். கோபம் போய்விட்டது என்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன். கண்ணை மூடி மூச்சை இழுக்கும்போதும் மனதுக்குள் உங்கள் கணவன் முகத்தில் குத்துகிறேன். இது பிழையா? நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வழக்கு அடுத்த மாதம். என்னைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். அவனுடைய அண்ணன் வீட்டுக்கு வந்தார். "குடும்ப விசயம் பிள்ளை, நீர் ஏன் உதுக்குள்ள?" அவர் முகத்துக்கு நேரே கதவை அறைந்து சாத்தினேன்.

போவேன் அக்கா. அவனைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்வேன். "நீர் அப்ப என்ன செய்தனீர்?" என்று வழக்கறிஞர் கேட்டால், பார்த்துக்கொண்டு இருந்தனான் என்பதையும் சொல்வேன்.

உங்கள் உடன்பிறவாத தங்கை,
சுகந்தி