நான் பிடிக்காத சுருட்டு

14-6-1955
மேல் அண்ணத்தில் ஒரு கட்டி. புளியங்கொட்டை அளவு. வலியில்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதும் நாக்கு அங்கேயே போகிறது.

20-6-1955
வீட்டுக்காரர் கடைத்தெரு டாக்டரிடம் கூட்டிப்போனார். ஆந்திரா தனியாகப் பிரிந்தபின் விசாகப்பட்டினத்துப் பக்கமிருந்து சித்தூருக்கு வந்த டாக்டர். விளக்கடித்துப் பார்த்தார். "நெருப்பு வாய்க்குள்ளே இருக்கும்படி சுருட்டைத் திருப்பிப் பிடிப்பாயாம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். அவர்கள் ஊரில் பெண்கள் அப்படிப் பிடிப்பார்களாம், அண்ணம் வெந்துபோகுமாம். இல்லை என்று சொல்வதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

21-6-1955
ராத்திரி வீட்டுக்காரர் சொன்னார்: "சுருட்டை நிறுத்தினா கட்டி கரைஞ்சிடும்ன்றாரே டாக்டரு, தாட்சாயணி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஒத்துக்கினு வுட்டுடு."
எதை விடுவது?

2-7-1955
என் புடவையை மோந்து பார்க்கிறார். நாளெல்லாம் வெல்ல மண்டியில் எடை போடுகிற மூக்குக்கு என்ன தெரியும்?

19-7-1955
கட்டி பெரிதாகிறது. இப்படியும் தோன்றுகிறது — பிடித்தே இருந்திருக்கலாம். நிறுத்துவதற்காவது ஏதாவது இருந்திருக்கும். ஒன்றுமே செய்யாதவள் எதை நிறுத்துவது? புற்றுதானோ? திருப்பதிக்கு வேண்டிக்கொள்ளலாம் என்றால், என்னவென்று வேண்டுவது?

2-8-1955
தனியாகவே டாக்டரிடம் போய், சுருட்டைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் பண்ணினேன். மறுபடியும் விளக்கடித்துப் பார்த்தார். "அப்படியென்றால் இது எனக்குத் தெரியாத வியாதி. வேலூருக்குப் போ," என்றார். தெரியாது என்று சொன்னாரே, நல்ல மனுஷன்.

11-8-1955
வேலூர். போன தடவை துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். எச்சில் ஊறும் சுரப்பியில் வந்த கட்டியாம். அண்ணத்தில் அப்படி எத்தனையோ குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றனவாம். யாருக்கோ அபூர்வமாக வருவதாம். புற்று இல்லை, விட்டுவைத்தால் அப்படி மாறலாம். சுற்றிலும் சேர்த்து வெட்டவேண்டும். எதனால் வந்தது என்றேன். "தெரியாதும்மா," என்றார் பெரிய டாக்டர். வெளியே சீட்டோடு நின்ற வீட்டுக்காரரிடம், ஆபரேஷன் என்று மட்டும் சொன்னேன். காரணம் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

27-8-1955
வெட்டியாயிற்று. வாயெல்லாம் பஞ்சு, பேசக்கூடாது. காலையில் பெரிய டாக்டர் படிக்கிற பிள்ளைகளோடு வந்தார். அதில் ஒருவர், புகையிலை, சுருட்டு வழக்கம் உண்டா என்று என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டுவதற்குள் வீட்டுக்காரர் கட்டிலோரத்திலிருந்து எழுந்துவிட்டார்.

"இல்லீங்க. இவ எதையும் தொட்டதில்ல. எய்திக்குங்க."

கேட்ட பிள்ளையும் எழுதிக்கொண்டார். இவர் எப்போது நம்ப ஆரம்பித்தார்? வேலூரில் சொன்னதை நான் இவரிடம் சொல்லவே இல்லையே. கேட்கலாம் என்றால் வாயில் பஞ்சு. அழுகைதான் வந்தது.

"வலிக்குதா?" என்று இவர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.