நான் சொன்னதும் அவள் எழுதியதும்

மார்ச் 3
இன்றைய தேதியை நானே போட்டேன். எழுபத்தோரு வயதில் என் கையால் போட்ட முதல் தேதி. இதை எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. ஆறட்டும்.

மார்ச் 4
எழுத எவ்வளவோ இருக்கிறது. இத்தனை காலம் எல்லாம் ஊமை கண்ட கனவாக உள்ளேயே கிடந்தது.

காலையில் பனி. கரை தெரியவில்லை. பாய்மரத்தின் உச்சியும் தெரியவில்லை. ஏதோ யோசனையில் இருப்பதுபோலப் படகு நங்கூரத்தைச் சுற்றி மெதுவாகத் திரும்பியது. வாங்கும்போதே இதற்கு முப்பது வயது. நான் கப்பல் பட்டறைத் தச்சு வேலையிலிருந்தும் என் மனைவி தபால் நிலையத்திலிருந்தும் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றோம். போகலாமா என்றேன். போகலாம் என்றாள். வீட்டைக் காலி செய்துவிட்டு ஏறிப் பதினோரு வருடம் ஆகிறது. துறை துறையாக, தீவு தீவாக.

மார்ச் 6
எனக்கு எழுத்து வந்ததே அவள் கண்ணில் விழுந்த புரையால்தான். மருந்துச் சீட்டையும் கடல் வரைபடத்தையும் யாராவது படித்தாக வேண்டுமே. மழைக்காலம் முழுதும் கேபின் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதிப் போட்டுச் சொல்லிக்கொடுத்தாள்.

மகள் போனில் பேசினாள். கண் அறுவையை முடித்துவிட்டுக் கரையிலேயே இருந்துவிடுங்கள், மாடி அறை காலியாக இருக்கிறது, மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றாள். தெற்குத் தீவுகளுக்கு ஒரு நடை போய்வந்து சொல்கிறேனே என்றேன். மூன்று வாரக் கடல். இவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "உங்க இஷ்டம்" என்றாள்.

எனக்கு இஷ்டம்தான்.

மார்ச் 9
பாய் தைப்பவர் பெரிய பாயைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுல பாய் எங்கண்ணே இருக்கு? ஒட்டுதான் இருக்கு" என்றார். தெற்கே போகிறோம் என்றதும் இவள் பக்கம் பார்த்தார். இவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 12
படித்துப் பழகப் பழைய பயண நோட்டை எடுத்தேன். தினமும் சாயங்காலம் நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு சொல்வேன் – காற்று எந்தப் பக்கம், ஆழம் எவ்வளவு, எத்தனை மைல் வந்தோம். அவள் கீழே உட்கார்ந்து எழுதுவாள். பிறகு உரக்கப் படித்துக் காட்டுவாள். நான் சொன்னது அச்சுப் பிசகாமல் வரும். அப்படிப் பதினோரு நோட்டு.

முதல் நோட்டு, முதல் பக்கம். எழுத்துக் கூட்டினேன். "தென்காற்று. ஆழம் ஆறு பாகம்." ஆகா, என் வாயிலிருந்து வந்தது அப்படியே தாளில் இருக்கிறது. அடுத்த வரி: "அசையாத ஓர் அடுப்பு வேண்டும்."

இதை நான் சொல்லவே இல்லையே?

மார்ச் 21
அவள் துணி துவைக்கக் கரைக்குப் போகும்போதெல்லாம் படிக்கிறேன். திருடன் மாதிரி.

"எல்லாம் நலம் என்று எழுதச் சொல்கிறார். அலை ஆள் உயரம். காலையிலிருந்து வயிற்றில் தண்ணீர்கூட நிற்கவில்லை. நலமாம்." சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

"திமிங்கிலம். கைக்குழந்தை மாதிரி கை தட்டுகிறார். இதைப் பார்க்கவே வந்திருக்கலாம்." அதுவும் இருக்கிறது. மிதக்கும் விளக்குகள்போல் ஒளிவிட்ட மீன்கூட்டம், பெயர் தெரியாத வெள்ளைப் பறவை, எல்லாம் இருக்கிறது. நான் பார்த்ததைவிட அவள் அதிகம் பார்த்திருக்கிறாள்.

"இந்தத் துறையில் ஒரு வருடமாவது இருக்க ஆசை. நாளைக்குச் சொல்ல வேண்டும்." மறுநாள்: "நல்ல காற்று என்று விசில் அடிக்கிறார். சொல்லவில்லை."

நாளைக்குச் சொல்ல வேண்டும் – ஐந்து நோட்டில் பதினேழு இடத்தில்.

ஏன்டா கிழவா, போகலாமான்னுதானே கேட்டே? இருக்கலாமான்னு ஒரு தடவையாவது கேட்டியா?

மார்ச் 22
எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 23
கேட்டுவிட்டேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பழைய நோட்டையெல்லாம் படிச்சேன்மா."

கை நிற்கவில்லை. "எது வரைக்கும்?"

"அஞ்சு."

"ஆறாவதுலதான் உங்களை நல்லாத் திட்டியிருக்கேன்."

"வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சொல்றது? சுக்கானைப் பிடிச்சுக்கிட்டுக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிப்பீங்க. அந்த மூஞ்சியைப் பார்த்தா வர்ற வார்த்தையும் உள்ளே போயிடும்."

அப்படியானால் எனக்கு ஏன் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாய், படித்துவிடுவேன் என்று தெரியாதா என்றேன். துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள்.

"பதினோரு வருஷம் எழுதியிருக்கேன். யாராவது படிக்கட்டுமே."

நான் முதல்முறையாக, "நீ எங்கம்மா இருக்கணும்?" என்று கேட்டேன். மகள் வீடு மகள் வீடுதான் என்றாள். தனக்கென்று ஒரே ஓர் அறை, ஜன்னலில் தண்ணீர் தெரிய வேண்டும், தரை ஆடக்கூடாது. ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த பட்டியல்.

மார்ச் 30
மகளிடம் சொன்னோம். மாடி வேண்டாம் என்றதற்குக் கோபம். கரையில் இருப்போம் என்றதில் பாதிக் கோபம் போய்விட்டது. பாய் தைப்பவரின் கடைக்கு மேலேயே ஓர் அறை கிடைத்தது. தெற்குத் தீவுகளின் வரைபடத்தைச் சுருட்டி வைத்தேன்.

ஏப்ரல் 18
கண் அறுவை முடிந்து அவள் கட்டை அவிழ்த்தார்கள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ்வளவு கிழவனாயிட்டீங்களா?" என்றாள். நர்ஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

மே 10
படகு கீழே துறையில் கட்டிக் கிடக்கிறது. தினமும் காலையில் போய் அடித்தண்ணீரை இறைத்துவிட்டு, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். வருத்தமா? கொஞ்சம் உண்டு. பொய் எதற்கு?

நேற்று அவளும் வந்தாள். சுக்கானில் கை வைத்துக்கொண்டு, "ஒரு வாரம் போயிட்டு வரலாமா?" என்றாள். "ஆனா திரும்பி வரணும்."

இன்று காலை அவள் மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். படகில் பாதிக்கு மேல் ஊற்றியதே இல்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தண்ணீர் அசையவே இல்லை. ஜன்னலும் துறையும் குட்டியாக அதற்குள் நின்றன. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். யாரும் குடிக்கவில்லை.