சிவப்பு பெல்ட், கறுப்பு பெல்ட்

உத்தமபாளையம்,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை மாரிசெல்வத்துக்கு,

உன் மச்சான் ஈஸ்வரபாண்டி எழுதிக்கொண்டது. நீ மஸ்கட்டில் சௌக்கியமாக இருப்பதாகவே நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே நானும் உன் அக்கா முனீஸ்வரியும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். இதற்கு மேல் எழுதினால் பெருமையடித்துக்கொண்டதாகிவிடும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் அனுப்பும் குரல் செய்திகளை நீ கேட்கவில்லை என்பதை அந்தப் போனே எனக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. காகிதத்துக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. நீ பிரிக்காமல் பெட்டியில் போட்டாலும், படித்துவிட்டாய் என்று நான் நம்பிக்கொண்டிருக்கலாம். லீவில் வந்த நாகராஜ் திரும்பிப் போகிறான். பார்சலோடு இதையும் அவன் கையில் கொடுத்திருக்கிறேன்.

பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வாய்க்காலில் ஓடுகிறது. நடவு தொடங்கிவிட்டதால் எல்லோரும் வயலில் இருக்கிறார்கள், ஸ்டுடியோவுக்கு யாரும் வருவதில்லை. தண்ணீர் திறக்காத மாதங்களிலும் யாரும் வருவதில்லை என்பதை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டம். ஊரைவிட்டுப் போகிறவர்களால்தான் நம் கடை உயிரோடு இருக்கிறது.

உன் அக்காவுக்கு நீ ஒரு வரி அனுப்பியிருந்தாய். 'என் கேமராவ வித்துருங்க, நான் இனிமே அதத் தொடப்போறதில்ல' என்று. அவள் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு அடுப்படிக்குள் போனாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை.

சரி, விற்கலாம் என்று இரண்டு கேமராவையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் மதுரையில் நீயும் நானும் போய் வாங்கியவை. பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. அதனால்தான் ஒன்றுக்குச் சிவப்பு பெல்ட், ஒன்றுக்குக் கறுப்பு பெல்ட் என்று மாட்டினோம். சிவப்பு கல்யாணத்துக்கு, கறுப்பு எழவு வீட்டுக் கேதத்துக்கு. நம் பக்கத்து நியாயம் உனக்குத் தெரியும். கேதத்துக்குப் போன வேட்டியைத் துவைத்துக் கல்யாணத்துக்குக் கட்டலாம். கேதத்துக்கு ஆள் ஏற்றிப்போன காரில் பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றலாம். அங்கே சமைத்தவரே இங்கேயும் சமைக்கலாம். பிணத்தைப் படம் எடுத்த கேமரா மட்டும் மணவறைக்கு வரக்கூடாது. வேலையையும் அப்படியே பிரித்துக்கொண்டோம். நீ நாலு பேரைச் சிரிக்க வைப்பாய், அதனால் கல்யாணம் உனக்கு. என் முகம் கேதத்துக்கு இயல்பாகவே பொருந்தியது. தனியாக முயற்சி செய்ய வேண்டியிருக்கவில்லை.

தேவதானப்பட்டிக் கல்யாணத்தன்று காலையில் சிவப்பு பெல்ட் கேமராவின் ஷட்டர் சிக்கிக்கொண்டது. முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, ரெண்டும் ஒண்ணுதானே என்று நீ கறுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். பெல்ட்டைக் கழற்றிப் பையில் மறைக்கத் தெரிந்த உனக்கு, உள்ளே இருந்த கார்டைக் கழற்றத் தோன்றவில்லை. பொண்ணின் பெரியப்பா சின்னச்சாமி தன் படத்தைக் காட்டச் சொன்னார். நீ பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனாய். ஒரு படம் கூடுதலாகத் தள்ளிவிட்டாய். மாலை போட்டு, நாடிக்கட்டோடு, நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த பிணத்தை அவர் பார்த்துவிட்டார். 'ஏலே, எழவு வீட்டு மிஷினத் தூக்கிக்கிட்டா எங்க பொண்ணு கல்யாணத்துக்கு வந்த?' என்று அவர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் நின்றதாகச் சொன்னார்கள். அடுத்த வாரமே மாப்பிள்ளை தங்கப்பாண்டியன் பெரியகுளம் ரோட்டில் பைக்கோடு விழுந்து கால் முறிந்தான். அதற்குப் பிறகு யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. கடை வாசலில் வந்து பொண்ணு வீட்டார் பேசியதைக்கூட நீ பொறுத்துக்கொண்டாய். தாயில்லாத பிள்ளை என்று உன்னை இடுப்பில் வைத்து வளர்த்த உன் அக்காவே 'ஒரு குடும்பத்தக் கெடுத்துட்டியேடா' என்றாள் பார், அதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. தேனி ஏஜெண்டிடம் பாஸ்போர்ட் கொடுத்ததை எங்களுக்கு விமானம் ஏறிய பிறகு சொன்னாய்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். தெரியாததை இனிமேல் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

வாங்க வந்தவர் பெயர் சுரேஷ்கண்ணன். தேனியில் வங்கி வேலை, ஞாயிற்றுக்கிழமை பறவைப் படம். மேகமலைப் பக்கம் இருவாட்சியைத் தேடிப் போகிறவர். பெண் பார்க்க வந்தவர்கூட இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டார். லென்ஸில் பூஞ்சை உண்டா, திரையில் கீறல் உண்டா, ஷட்டர் இதுவரை எத்தனை முறை திறந்து மூடியிருக்கிறது, எல்லாம் வேண்டும். இரண்டிலும் ஒரே இடத்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்றார். சிவப்பின் ஷட்டரை முன்பே சரிசெய்திருந்தேன். லோயர் கேம்ப் வரை பஸ்ஸில் போய், பவர் ஹவுஸுக்குக் கீழே தண்ணீர் விழுகிற இடத்தை இரண்டிலும் எடுத்தேன். தண்ணீர் இரண்டிலும் ஒரே மாதிரிதான் விழுந்தது.

வந்து ஷட்டர் கணக்கைப் பார்த்தேன். கல்யாணம் என்றால் ஆயிரக்கணக்கில் படம். கேதத்தில் எத்தனை எடுப்போம்? படுத்திருப்பவர் ஒத்துழைப்பதால் நாற்பதுக்குமேல் தேவைப்படாது. ஆகவே சிவப்பு கிழவனாகவும் கறுப்பு குமரனாகவும் இருக்க வேண்டும். இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. மெஷின் பொய் சொல்கிறது என்று முதலில் நினைத்தேன். மனிதர்களோடு பழகியதால் வந்த சந்தேகம்.

பிறகுதான் அருவிப் படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். சிவப்பு பெல்ட் கேமராவில் எடுத்த படத்தில் இடது மேல் மூலையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. ஒன்றிரண்டு படத்தில் இல்லை, எல்லாப் படத்திலும் அதே இடத்தில். கறுப்பில் அது கிடையாது. எங்கோ பார்த்த புள்ளி போலிருந்தது. பழைய படங்களைத் திறந்து உட்கார்ந்தேன். ஆரம்ப காலத்தில் அந்தப் புள்ளி கேதப் படங்களில்தான் இருக்கிறது, மாப்பிள்ளை. பிணம் மாறுகிறது, மாலை மாறுகிறது, புள்ளி அங்கேயே இருக்கிறது. ஒரு ஆயுத பூஜை தாண்டியதும் கேதத்தில் புள்ளி காணாமல் போகிறது. அதே வாரம் நடந்த கல்யாணத்தில், பொண்ணின் கொண்டைக்கு மேலே வந்து நிற்கிறது. அன்றிலிருந்து எல்லாக் கல்யாணத்திலும் இருக்கிறது.

அந்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் உன் அக்கா இரண்டு பெல்ட்டையும் கழற்றிச் சோப்புப் போட்டுத் துவைத்தாள். கொடியில் என் பனியனோடு காய்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காய்ந்ததும் மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து நம்மிடம் கொடுத்தாள். மாற்றி மாட்டிக் கொடுத்திருக்கிறாள்.

விளங்குகிறதா? அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நீ எடுத்த கல்யாணமெல்லாம் கேதக் கேமராவில் எடுத்தவை. கோட்டைச்சாமி மகளுக்கு அதில்தான் எடுத்தாய், இரட்டைப் பிள்ளை பிறந்து இரண்டும் கடையில் வந்து லைட்டை உடைக்கின்றன. இந்தக் கடிதத்தைக் கொண்டு வரும் நாகராஜுக்கும் அதில்தான் எடுத்தாய். அவன் எப்படி இருக்கிறான் என்று நேரில் பார்த்துக்கொள், தொப்பை போட்டிருக்கிறது. நானோ கல்யாணக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கேதம் கேதமாக அலைந்திருக்கிறேன். செத்தவர் யாரும் அதனால் எழுந்து உட்காரவில்லை. தேவதானப்பட்டிக்கு நீ பயந்து பயந்து எடுத்துப்போனது, முதலில் கல்யாணத்துக்கென்று நாம் பூஜை போட்ட அதே கேமரா. நடுவில் கேதமும் பார்த்திருக்கிறது. இரண்டும் இரண்டையும் பார்த்தாயிற்று. இதில் எது தீட்டு என்று சின்னச்சாமி வந்து சொல்லட்டும்.

இதை உன் அக்காவிடம் நான் சொல்லவில்லை. நீயும் சொல்ல வேண்டாம். உன்னைச் சொன்ன சொல்லையே அவளால் இன்னும் விழுங்க முடியவில்லை. ராத்திரி உலையில் இப்போதும் மூன்று பேருக்கு அரிசி போடுகிறாள். நானும் கை தவறியது என்று நினைத்துக்கொண்டு, காலையில் பழையது சாப்பிடுகிறேன். எனக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

இன்னொரு சேதி. போன வாரம் தேவதானப்பட்டிப் பொண்ணு சினேகா கடைக்கு வந்தாள், புருஷனோடு. தங்கப்பாண்டியன் நன்றாக நடக்கிறான், லேசாகச் சாய்ந்து நடக்கிறான், அவ்வளவுதான். கல்யாணப் படத்தை வாங்கக்கூடாது என்று பெரியப்பா தடுத்து வைத்திருந்தாராம். படம் அழிந்துபோயிருக்குமோ என்று பயந்துகொண்டே கேட்டாள். எல்லாம் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன்.

ஒரு படம் எடுத்திருக்கிறாய். மணவறையைச் சுற்றி வரும்போது மாப்பிள்ளை வேட்டி தடுக்கிக் குப்புற விழப்போகிறான், சினேகா அவன் துண்டைப் பிடித்து இழுக்கிறாள், இருவர் வாயும் சிரிப்பில் திறந்திருக்கிறது, பின்னால் சின்னச்சாமி வாயும் திறந்திருக்கிறது. அந்தப் பொண்ணு அதைப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'பாருங்கண்ணே, இவுக அன்னைக்கே விழுந்தாக, நாந்தான் பிடிச்சேன். வீட்டுப் படியில விழுவாக, வரப்புல விழுவாக. பைக்குல நான் இல்ல, விழுந்துட்டாக. இதுல கேமரா என்ன செஞ்சுச்சு?' அவன் தலையைக் குனிந்துகொண்டு, அது நாய் குறுக்கே வந்தது என்று முனகினான். நாயைப் பற்றி இதுவரை யாரும் பேசவே இல்லை.

அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். ஆவணிக் கடைசியில் வளைகாப்பு. படம் எடுக்க அந்தச் சிரிக்க வைக்கிற அண்ணன்தான் வரவேண்டும் என்றாள். அவன் வெளிநாட்டில் இருக்கிறான், நான் வருகிறேன் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மரியாதையாக, அந்த அண்ணனக் கேட்டுச் சொல்லுங்க என்றாள். அவள் மேல் தப்பில்லை.

அட்வான்ஸ் வாங்கவில்லை. வரமாட்டான் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கேமரா விஷயத்தை முடித்துவிடுகிறேன். சுரேஷ்கண்ணனிடம் கேதம் எடுத்த கேமரா என்பதையும், புள்ளியையும், ஷட்டர் சிக்கியதைச் சரிசெய்ததையும் மறைக்காமல் சொன்னேன். புள்ளியை எடுத்துவிடலாம், ஷட்டரைச் சரிசெய்திருப்பது நல்லது, இருவாட்சி இதையெல்லாம் விசாரிக்காது என்று சொல்லிவிட்டு வாங்கிப் போனார். முதன்முதலில் கறுப்பு பெல்ட் மாட்டியிருந்தோமே, அந்தக் கேமரா அதுதான். அதாவது என்னுடையது. விற்கச் சொன்னது உன்னுடையதை. உன்னுடையது இங்கே மேஜைமேல் இருக்கிறது, துடைத்து வைத்திருக்கிறேன்.

பெல்ட் இரண்டும் கடையில் ஆணியில் தொங்குகின்றன. இருக்கிற ஒரு கேமராவுக்கு எதை மாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் அக்காவிடம் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

பார்சலில் அவள் வைத்திருப்பதைப் பிரித்துப் பார். உனக்கு மன்னிப்புக் கேட்டு எழுதத் தெரியாதவள், மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தலையில் துணி கட்டாமல் திரியாதே. சுருளி முருகன் துணையிருப்பான். ஆவணிக்குள் லீவு கிடைக்குமா என்று முதலாளியைக் கேட்டுப் பார். பெல்ட்டை நீ வந்து மாட்டிக்கொள்.

உன் மச்சான்,
ஈஸ்வரபாண்டி