ஐந்தாவது மஞ்சள் அட்டை

வில்யார்தே,
14 பிப்ரவரி 1994

அன்புத் தம்பி எலோய்க்கு,

ஓலாயா அக்கா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் ஏதோ இருக்கிறோம். நீ நலம் என்பது தெரியும், நேற்று டிவியில் பார்த்தோம். தொண்ணூறு நிமிஷமும் மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு, வந்த பந்தை வலப்பக்கம் ஒருவனுக்கு, இடப்பக்கம் ஒருவனுக்கு என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாய். நம் ஆப்பிள் மதுக்கடையில் உட்கார்ந்திருந்த தொரிபியோ சொன்னான்: "உன் தம்பி போஸ்ட் ஆபீஸ்ல இருக்க வேண்டிய ஆளு, ஓலாயா. வந்த தபாலைப் பிரிச்சுக்கூடப் பாக்காம அடுத்தவன் கையில குடுத்துடுறான்." கடையே சிரித்தது. கூடப்பிறந்தவனாயிற்றே என்று நானும் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

பதினான்கு வருஷ ஆட்டம், மூன்றே கோல். அதில் ஒன்று எதிராளியின் முதுகில் பட்டுத் தானாக உள்ளே போனது. ஒரே ஒரு தடவை தேசிய அணிக்குக் கூப்பிட்டார்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாய். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டச் சொல்லி அனுப்பினாய் பார், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கர்ப்பப்பையில் இருக்கும் கட்டியை எடுக்க ஏழு மாசம் காத்திருந்து இப்போதுதான் தேதி கிடைத்திருக்கிறது. மார்ச் 17, வியாழக்கிழமை, ஒவியேதோ ஆஸ்பத்திரியில். 16-ம் தேதியிலிருந்து ஆறு நாள் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது? அவருக்கு இப்போது நேற்று எது, இன்று எது என்று தெரிவதில்லை. வெளியாள் தொட்டால் கை ஓங்குகிறார். பதினோரு வருஷமாக நான் ஒருத்திதான். உன்னிடம் ஒரு நாள் கேட்டிருப்பேனா? இந்த ஆறு நாளுக்கு நீ வரவேண்டும்.

உன் அக்கா,
ஓலாயா

கிஹோன்,
20 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல முக்கால் பக்கம் என்னைத் திட்டிவிட்டுத்தான் வரவேண்டுமா உனக்கு? ஆப்பிள் மதுவைத் தலைக்கு மேலே தூக்கி ஊற்றிப் பாதியைத் தரையில் சிந்துகிற கூட்டம் எனக்குப் பந்து தள்ளச் சொல்லித்தருகிறது. தொரிபியோ ஆடிய காலத்தில் அவன் தொப்பைக்கு மட்டும் தனியாக ஒரு ஆள் காவல் நிற்கவேண்டியிருந்தது என்று நான் சொன்னதாகச் சொல். நடுக்களத்தில் நிற்பவன் பந்தை இழக்காமல் இருப்பதே பெரிய வேலை. அது உங்களுக்குப் புரியாது.

17-ம் தேதி வாரம் சிக்கலான வாரம். சனிக்கிழமை 19-ம் தேதி பக்கத்து ஊர் மினேரோ அணியுடன் பங்காளி ஆட்டம். அந்த வாரம் பயிற்சியாளர் ஆர்பெசூ எவனுக்கும் விடுப்புத் தரமாட்டார், அப்பனே செத்தாலும் ஆட்டம் முடிந்த பிறகு போ என்பார். ஆனால் ஒரு வழி இருக்கிறது. என் பெயரில் ஏற்கனவே நான்கு மஞ்சள் அட்டை. ஐந்தாவது வாங்கினால் அடுத்த ஆட்டம் ஆடக்கூடாது. 13-ம் தேதி ஆட்டத்தில் ஏதாவது அற்பக் குற்றம் செய்து அதை வாங்கிக்கொள்கிறேன். பங்காளி ஆட்டத்தில் நான் இல்லை என்று ஆனபின் ஆர்பெசூ என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? 16-ம் தேதி காலையில் வில்யார்தேயில் இருப்பேன். வாக்கு.

உன் தம்பி,
எலோய்

வில்யார்தே,
7 மார்ச் 1994

எலோய்,

'அன்பு' என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

நேற்று, 6-ம் தேதி, கடை நிறைய ஆள். உன் அட்டைத் திட்டத்தை எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். எழுபதாவது நிமிஷம் நடுவர் விசில் ஊதிய பிறகு நீ பந்தைத் தூக்கிப் பார்வையாளர்கள் மேல் உதைத்தாய். உதைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றாய். அட்டை வந்தது. கடையில் ஒரே கைதட்டல். "ஓலாயா! உன் தம்பி வாங்கிட்டான்! ஆஸ்பத்திரிக்குப் பையைக் கட்டு!" நானும் பைத்தியக்காரி மாதிரி எல்லாருக்கும் ஒரு சுற்று மது ஊற்றினேன். அப்பாகூடக் கைதட்டினார்.

அப்புறம் தொரிபியோ விரல் விட்டு எண்ணினான். "இரு, இரு. இன்னிக்கு வாங்கினா பதிமூணாம் தேதி ஆட்டம்தானே போகும்? எதிராளி கடைசி இடத்துல கெடக்குற நோஞ்சான் டீம். அதை விட்டுட்டா, பத்தொம்பதாம் தேதி பங்காளி ஆட்டத்துக்கு அவன் மேல ஒரு அட்டைகூடக் கிடையாது. உன் தம்பி உனக்காக வாங்கல ஓலாயா, பங்காளி ஆட்டத்துல ஆடறதுக்காகப் பழைய அட்டையெல்லாம் துடைச்சுக்கிட்டான்." கடையில் எல்லாரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். ஊற்றிய மதுவைக் குடிக்கவும் கூச்சப்பட்டார்கள். உன்னால் எனக்குக் கிடைத்த மரியாதை இது.

இல்லை, வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு வேறு வழி பார்த்திருப்பேன். வாக்கு என்று எழுதிவிட்டு ஒரு வாரம் முன்னதாகவே அட்டையை வாங்கிக்கொண்டாயே, உன்னை என்னவென்று சொல்வது? தூ!

ஓலாயா

கிஹோன்,
10 மார்ச் 1994

அக்கா,

எதையும் கடைக்கார மூளையால் பார்க்காதே. ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. எனக்கு முப்பத்துமூன்று வயது. என் இடத்துக்கு இவான் என்று இருபது வயதுப் பயல் ஒருவனைத் தயார் செய்துவைத்திருக்கிறார்கள். பந்தை வாங்கினால் தலையைக் குனிந்துகொண்டு ஓடத்தான் தெரியும், மூளை என்பது மருந்துக்கும் கிடையாது. பங்காளி ஆட்டத்துக்கு நிர்வாகம் மொத்தமும் வந்து உட்காரும். அதில் நான் ஆடினால் இன்னும் ஒரு வருஷம். ஆடாவிட்டால் என் கதை முடிந்தது. இதை உன்னிடம் சொன்னால் புரியாது என்றுதான் சொல்லவில்லை.

இந்த வாரம் நான் சும்மாதான் இருக்கிறேன். டாக்டரிடம் பேசித் தேதியை இந்த வாரத்துக்கே மாற்றிக்கொள். முடியாதென்றால் 21-க்குப் பிறகு வைத்துக்கொள். ஏழு மாசம் அந்தக் கட்டியோடு இருந்தாய், இன்னும் ஏழு நாளில் என்ன குடிமுழுகிவிடும்? இல்லாவிட்டால் ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு செய்கிறேன். அப்பா நாலு நாளில் பழகிக்கொள்வார்.

எலோய்

கிஹோன், உன் வீட்டுச் சமையலறை மேஜையிலிருந்து,
16 மார்ச் 1994

அன்புத் தம்பி,

சனிக்கிழமை தந்தையர் தினம். வருஷா வருஷம் அப்பாவுக்கு ஒரு டை அனுப்புவாய், அவர் அதை வைத்து நாயைக் கட்டுவார். இந்த வருஷம் நான் உனக்கு அப்பாவையே அனுப்பிவிட்டேன்.

நீ பயிற்சிக்குப் போயிருக்கிறாய் என்று காவல்காரர் சேர்வாந்தோ சொன்னார். அவர்தான் கதவைத் திறந்துவிட்டார். நீ வரும்வரை அவர் மனைவி பௌலினா அப்பாவுடன் இருப்பாள். அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட அவளால் ஆகாது, அவளே சொல்லிவிட்டாள். அவள் பெற்றது ஐந்து.

அப்பாவுக்கு மொச்சைக் குழம்பு என்றால் உயிர், ஆனால் பன்றிக்கொழுப்பு கூடாது. மாத்திரை காலையில் வெள்ளை, மதியம் மஞ்சள். கால்சராய் ஈரமாகிவிட்டால் திட்டாதே, அவருக்கு வெட்கமாக இருக்கிறது. பழைய நினைப்பில் சுரங்க வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பினால், இன்று லீவு என்று சொல். உன்னை யார் என்று கேட்டால் கோபப்படாதே, என்னையே வாரத்தில் இரண்டு நாள்தான் தெரிகிறது.

உன்னைக் கேவலமாகத்தான் நினைக்கிறேன், மறைக்க மாட்டேன். ஆனால் பயமாக இருக்கிறது எலோய். கட்டி நல்லதா கெட்டதா என்று திறந்து பார்த்தால்தான் தெரியுமாம். எது எப்படியோ, அப்பா எங்கே இருக்கிறாரோ என்ற கவலை இல்லாமல் ஒரு தடவை படுக்கப்போகிறேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது.

அக்கா

கிஹோன்,
20 மார்ச் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். கட்டி நல்ல ரகம்தான், நீ கஞ்சி குடித்தாய், நர்ஸைத் திட்டினாய் என்றார்கள். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

உன்னைத் திட்டி எழுத வேண்டும் என்று மூன்று நாளாக மனசுக்குள் பெரிய கடிதம் வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. நேற்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் பையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினேன். வேறு ஒரு பெண்ணைக் கூலிக்குப் பிடித்து உட்கார வைத்திருந்தேன். அப்பா அவளைக் கண்டதும் தட்டை வீசினார். அப்புறம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார். அந்தப் பெண் போய்விட்டாள். நான் ஆர்பெசூவுக்குப் போன் செய்து, வரமுடியவில்லை, அப்பாவுக்கு முடியவில்லை என்றேன். "சரிப்பா, பாத்துக்கோ. இவான் ஆடுவான்" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். கத்துவார், கெஞ்சுவார் என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டு வருஷம் அவரிடம் ஆடியிருக்கிறேன் அக்கா, ஏன் என்று இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

மதியம் மொச்சை வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது, அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டார். அப்புறம் டிவியைப் போட்டு இரண்டு பேரும் பங்காளி ஆட்டம் பார்த்தோம். சட்டை எண் ஆளுக்கு இல்லை, ஆடும் இடத்துக்குத்தான் என்று உனக்குத் தெரியும். என் இடத்தில் ஆடியதால் இவான் முதுகில் என் ஆறாம் எண். அப்பா அவனைக் கண்டதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அதோ பாரு, ஆறாம் நம்பர். என் பையன்" என்றார்.

நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

"இத்தனை வருஷமாப் பயந்து பயந்து ஆடினான், கழுதை. எனக்கே பாக்க வெக்கமா இருக்கும், வெளிய சொல்ல மாட்டேன். இன்னிக்குப் பாரு, எப்படி முன்னாடி போறான்!"

அவன் நன்றாகத்தான் ஆடினான். எண்பதாவது நிமிஷத்தில் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டுக் கோல் போட்டான். நான் ஒரு நாளும் போடாத கோல். அப்பா எழுந்து நின்று கத்தினார். கண்ணெல்லாம் தண்ணீர். என்னைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். நினைவு தெரிந்து அவர் எனக்குக் கொடுத்த முதல் முத்தம் அது.

அப்புறம் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ யாரு தம்பி? நல்ல மனுஷனா இருக்கே, பாத்துப் பாத்துச் செய்யறே. என் பையன்கிட்ட சொல்லி உனக்கு ஒரு டிக்கெட் வாங்கித் தரேன். பெரிய ஆட்டம், நேர்ல பாத்திருக்க மாட்டே."

"பாத்ததில்லைங்க ஐயா" என்றேன்.

உன் தம்பி,
எலோய்