ஆணியில் கட்டிய எர்த்

என்றும் என் மனசை விட்டுப் போகாத மல்லிகா அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷத்தில் உங்களை நினைத்து அழுதிருக்கிறேன், படத்துக்கு முன்னால் நின்று புலம்பியிருக்கிறேன். கோபப்பட்டதில்லை. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு அந்த நினைப்பெல்லாம் போய்விட்டது.

முதலில் வீட்டுச் சேதி. மல்லிகா கும்மிடிப்பூண்டியில் மாமியார் வீட்டில் நன்றாக இருக்கிறாள். உங்கள் தம்பி தணிகாசலம் இன்னும் புதுவாயல் கூட்டு ரோட்டில்தான் டாக்சி ஓட்டுகிறான். அவன் பெண்டாட்டி சரோஜாவுக்கு இது ஏழாம் மாசம். அப்புறம், கார் ஷெட்டில் நீங்கள் உங்கள் கையால் மாட்டின மெயின் போர்டை நேற்றுக் கழற்றியாகிவிட்டது. கழற்றச் சொன்னது நான்தான்.

அந்தப் போர்டு இந்த வீட்டில் என்ன பாடு பட்டது தெரியுமா? நீங்கள் போன பிறகு தணிகாசலம் அதன் பக்கத்திலேயே உங்கள் படத்தை மாட்டினான். ஆயுத பூஜைக்குக் கார், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் முன்னால் போர்டுக்குத்தான் சந்தனம், குங்குமம், மாலை. யார் வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டுவான். "எங்க அண்ணன் போட்ட ஒயரிங்கு. பவர் ஹவுஸ்காரரு கை" என்பான். நானும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

போன ஐப்பசியில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், டாக்சியை வெளியே எடுக்கச் சரோஜா ஷெட் கதவைத் திறக்கப் போனாள். வெறுங்கால். இரும்புக் கதவில் கை வைத்தவள் அலறிக்கொண்டு நாலடி தள்ளி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. தணிகாசலம் என்ன சொன்னான் தெரியுமா? "ஆயில்ல வழுக்கி உயுந்துட்டா." கேட்டவர்களுக்கெல்லாம் அதையேதான் சொன்னான். சரோஜா என் முகத்தைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இந்த வருஷம் மறுபடி மேகம் கட்ட ஆரம்பித்ததும் சரோஜா விழுந்தது என் கண்ணில் வந்து நின்றது. அவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு தினம் காலையில் அந்தக் கதவிடம்தான் போகிறாள். ஒரு ஒயர்மேனைக் கூட்டி வா, புதுசாக ஒயர் இழுத்துப் போர்டை மாற்றிவிடலாம் என்று தணிகாசலத்திடம் சொன்னேன். தாம் தூம் என்று குதித்தான்.

"இன்னா அண்ணி பேசுறீங்க? மெட்ராசுக்கே கரண்ட் அனுப்புன ஆளு எங்க அண்ணன். அவரு கை வெச்ச போர்ட கண்டவன் வந்து நோண்டணுமா?"

"உன் பொண்டாட்டி வாயும் வயிறுமா கீறா. அவளுக்கு ஒண்ணு ஆச்சின்னா, அப்பவும் போர்டுக்கு மாலை போட்டுக்கினு நிப்பியா?"

நாலு நாள் என்னோடு பேசவில்லை. அஞ்சாம் நாள் நானே பொன்னேரிக்குப் பஸ் ஏறி நாசர் பாயைக் கூட்டி வந்தேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக எழும்புகிற ஃபாக்டரிகளுக்கு ஒயரிங் செய்கிறவர். அதிகம் பேசாத மனிதர்.

வந்ததும் அவர் செய்த முதல் வேலை, வீட்டு மெயினை அணைத்துவிட்டுப் போர்டை முன்பக்கம் இழுத்துப் பின்னால் பார்த்ததுதான். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத போட்டது யாரும்மா?"

"எங்க ஊட்டுக்காரரு."

உங்கள் படத்தை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. எர்த்து ஒயரு மண்ணுக்கே போகல. செவுத்துல ஒரு ஆணி அடிச்சி, அதுல சுத்தி உட்டுக்கீது."

ஆணியில்! வீட்டிலிருந்து ஷெட்டுக்கு வருகிற ஒயர் தகரக் கூரையின் ஓரத்தில் உரசி உரசி ரப்பர் தேய்ந்து, கரண்ட் தகரத்திலும் கதவிலும் இறங்கியிருக்கிறது. எர்த் ஒழுங்காக மண்ணில் இறங்கி, தகரத்தோடும் சேர்ந்திருந்தால் முதல் நாளே ஃபியூஸ் போய் நம்மை எச்சரித்திருக்குமாம். போக வழி இல்லாததால் கதவிலேயே காத்துக்கொண்டிருந்ததாம், யார் காலாவது கிடைக்குமா என்று. பாய் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது இது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதா?

தணிகாசலம் அப்போதும் நம்பவில்லை. பாய் அவனோடு வாதாடவில்லை. ஒரு கம்பியை ஈர மண்ணில் அடித்தார். பல்பு மாட்டின ஒயரின் ஒரு முனையை அந்தக் கம்பியில் கட்டினார். எங்கள் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெயினைப் போட்டு, மறு முனையைக் கதவில் வைத்தார். பல்பு மங்கலாகச் சிவந்தது. தணிகாசலம் அந்த பல்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காது அண்ணி" என்றான்.

அங்கேதான் எனக்குத் தலைக்கு ஏறியது.

தெரிந்திருக்காதா? போர்டு மாட்டின அன்று நீங்கள் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "எர்த்துக்குப் பள்ளம் தோண்டணும். அடுத்த லீவுல தோண்டிக்கலாம்" என்றீர்கள். எந்த லீவு? எத்தனை லீவு வந்து போனது? எத்தனை நாள் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்து ரேடியோ கேட்டீர்கள்? பவர் ஹவுஸில் இப்படி ஒரு ஒயரை ஆணியில் சுற்றிவிட்டு வீட்டுக்கு வருவீர்களா? அங்கே மேலதிகாரி கேட்பார். இங்கே கேட்க யார் இருந்தார்கள், நான்தானே!

நான் கேட்காமலும் இல்லை. கதவில் கை வைத்தால் சுரீர் என்கிறது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் எழுந்து வருவீர்கள், வராமல் இல்லை. ஷிஃப்டுக்குப் போட்டுப்போகிற ரப்பர் அடி வைத்த பூட்ஸோடு வருவீர்கள். உள்ளங்கையை அகலமாகக் கதவில் வைத்துக்கொண்டு, "எங்கமே ஷாக்கு? நான் தொட்டுக்கினுதானே நிக்கிறேன்?" என்பீர்கள். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரிடம், "என் ஊட்டுக்காரிக்கு பயத்துலயே ஷாக் அடிக்கும்" என்று சிரிப்பு.

ஒரே ஒரு நாள் அந்த பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து தொட்டிருக்கக் கூடாதா? கரண்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? உங்களுக்கு எல்லாம் தெரியுமே. ரப்பர் போட்ட காலுக்கு ஒன்றும் செய்யாது என்று தெரியாதா? தெரியும். என் பேச்சைச் சோதித்துப் பார்க்கிற அளவுக்கு அது ஒரு பேச்சாக உங்களுக்குப் படவில்லை. அதுதான் என்னை இப்போது கொதிக்க வைக்கிறது. ஆணியைக்கூட மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. சரோஜா கல்யாணமாகி வந்த மறுவாரம், "அக்கா, அந்தக் கதவு இன்னாவோ பண்ணுது" என்று என்னிடம்தான் வந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு பயம்டி. துணிய சுத்திக்கினு தொறந்துக்கோ." என் வாயிலிருந்து வந்தது உங்கள் வார்த்தை. துணி சுற்றித்தான் திறக்க வேண்டும் என்று தெரிந்தவளுக்கு அது பயம் இல்லை என்றும் தெரிந்திருக்க வேண்டாமா?

சரி, வேலை முடிந்தது. வீட்டிலிருந்து ஷெட்டுக்குப் புது ஒயர் இரும்புக் குழாய்க்குள் போகிறது. புது மெயின், புதுப் பீங்கான் ஃபியூஸ். எர்த்துக்கு ஆள் உயரப் பள்ளம். அதைத் தோண்டினது தணிகாசலம், யாரும் சொல்லாமல் அவனே மண்வெட்டியை எடுத்தான். நடுவில் குழாயை நிறுத்தி, சுற்றி மண் ஈரம் காயாமலிருக்கக் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடச் சொன்னார் பாய். உப்பளத்திலிருந்து மூட்டை வந்து இறங்கியதும் சரோஜா, "இன்னா பாய், ஊறுகா போடப் போறீங்களா?" என்று கேட்டாள். அந்தப் பேசாத மனிதர்கூடச் சிரித்துவிட்டார்.

அவர் போன பிறகு சரோஜாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுக்கா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அவள் அழுதபோதுதான் எனக்கு உங்கள் கடைசிக் காலை ஞாபகம் வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. காலை ஷிஃப்டுக்குக் கிளம்பினவர் வாசற்படியில் உட்கார்ந்து, "நெஞ்சு அடைக்கிற மாதிரி கீதுமே" என்றீர்கள். நான் அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நேத்து தின்ன மொச்சக்கொட்ட. வாயுவா இருக்கும்" என்றேன். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். நீங்கள் அதைக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர்கள். தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.

உங்கள் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். தீரவில்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் சொன்னதை நான் நம்பியிருந்தால், இன்றைக்கு இதையெல்லாம் கடிதத்தில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உங்களை உட்கார வைத்து மூச்சுவிடாமல் திட்டியிருப்பேன். நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

சரோஜாவுக்குப் பிறக்கப்போகிற பிள்ளை ஆணோ பெண்ணோ, அது வந்து வலிக்கிறது, சுடுகிறது, பயமாக இருக்கிறது என்று சொன்னால், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நீங்கள் நம்பாதவள், உங்களை நம்பாதவள்,
உங்கள் வீட்டுக்காரி
கோவிந்தம்மாள்