திரும்பி வரும் வழி

1936, ஆனி, வியாழன் இரவு

கல்யாணமான பிறகு தங்கை சிவகாமி நாளை முதல் தடவையாக, மாப்பிள்ளை வேலை பார்க்கும் கல்கத்தாவுக்குக் குடித்தனம் போகிறாள். இன்று அவளையும் மாப்பிள்ளையையும் குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். மாப்பிள்ளை தள்ளிப் பாறையில் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். நான் கல்கத்தா போய்வந்தவன் என்ற மிதப்பில் அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். ஹௌரா ஸ்டேஷன் கூட்டத்தில் பெட்டியை விட்டு நகராதே, காளி கோவிலைப் பார்க்காமல் இருந்துவிடாதே என்று. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, நான் மட்டும் தனியாத் திரும்பி வரணும்னா எப்படி வரணும்?"

"ஏட்டி, என்ன பேச்சு இது? மாப்பிள்ளை உன்னையத் தனியா விடுவாரா?"

"சும்மாதான் கேக்குதேன். சொல்லேன்."

சொன்னேன். ஹௌராவில் மெட்ராஸ் மெயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் போய் நம்மூர் வழியாகப் போகும் கொல்லம் வண்டி பிடிக்க வேண்டும். அவள் அதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். மாப்பிள்ளை எழுந்து வரவும் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"அவுககிட்ட சொல்லிராதே" என்றாள்.

அடுக்களையில் அம்மா சந்தோஷமாக முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் வண்டி ஏறுவதற்குள் என்ன பயம் என்று சிவகாமியிடம் கேட்டுவிட வேண்டும்.

கேட்டால் சொல்லிவிடுவாள். அதுதான் பயமாக இருக்கிறது.