டேனியலின் தொட்டியில் லாரித் தண்ணீர்

மே மாதம், செவ்வாய்க்கிழமை இரவு

பம்மலில் டேனியலின் மீன்கள் இன்று செத்துப்போயின. என் மனைவி ஜெயாவின் தம்பி அவன். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்த் தொட்டி போட்டு ஜிலேபி மீன் வளர்த்தான். வரும் ஞாயிறு முதல் விற்பனை. சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

அங்கே போர் தண்ணீர் மஞ்சளாக வரும். விற்பதற்கு முன்பு மீன்கள் நல்ல தண்ணீரில் இருக்கட்டும் என்று, நேற்று குடிநீர் லாரியை வரவழைத்து நேராகத் தொட்டிக்குள் விட்டிருக்கிறான். அதில் கலந்திருக்கும் குளோரின் மீனுக்கு ஆகாது. போர் தண்ணீரிலேயே வளர்த்துப் பழகியவனுக்கு அது தோன்றவில்லை.

"நாம குடிக்கிற தண்ணிதானே மாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னா சார், எல்லாம் மல்லாந்து தூங்கிகினு கீது?" என்று சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்தான். "அதோ ஒண்ணு அசையுது, பாருங்க."

காற்றுக்குழாயின் குமிழிகள்தான் அதை ஆட்டிக்கொண்டிருந்தன. "ஆமாம்" என்றேன்.

ஜெயா இப்போதுதான் அவனிடம் போனில் பேசினாள். காற்று மோட்டாரை நிறுத்த மாட்டேன் என்கிறானாம்.